கல்லடிக் களரி: போயாவுக்கு மறுநாள்

குழுவில்: சிவா, சுதா, நிரோ, தாரணி, றிஸ்வான், விஜயா மாமி

[மாலை 6.12] சுதா: கல்முனைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் தாரணியின் நினைவாகவே இருந்தது. யாராவது அவளோடு கதைத்தீர்களா?

[மாலை 6.15] சிவா: காலையிலிருந்து அறைக்கதவு சாத்தியே இருக்கிறது, அக்கா. சாப்பிட வந்தாள். விளையாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

[மாலை 6.21] நிரோ: எல்லோரும் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். நான் ஒரு விதியையும் மீறவில்லை. பக்க எண்ணோடு காட்டினேன். காட்டச் சொன்னதும் நீங்கள்தான்.

[மாலை 6.22] றிஸ்வான்: மீறினாய் என்று யாரும் சொல்லவில்லை மச்சான்.

[மாலை 6.30] விஜயா மாமி: எனக்கும் விளங்கும்படி சொல்லுங்கள் பிள்ளைகளே. விறாந்தையில் பாய் விரித்துத் தந்தவள் நான். அந்தப் பிள்ளை தன் பகடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பைக்குள் போட்டதைப் பார்த்தேன். ஏழு பகடை. ஒன்று பாய்க்கு அடியில் உருண்டது. அதைத் தேடி எடுத்துப் போட்டு, சுருக்கை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் எழுந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை வந்திருக்காது.

[மாலை 6.41] சிவா: சொல்கிறேன் மாமி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்த விளையாட்டு. நான் கதையை நடத்துவேன், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுவார்கள். நாங்கள் ஆடுவது அதன் ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்தது. இதில் மந்திரவாதி நினைத்தபோதெல்லாம் மந்திரம் சொல்ல முடியாது. இத்தனை தடவை என்று கணக்கு உண்டு. ஒரு தடவைக்கு ஒரு ஸ்லாட். முடிந்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு எட்டு மணி நேர நீண்ட ஓய்வுக்குப் பிறகுதான் திரும்பக் கிடைக்கும். வோர்லொக் என்ற வகைக்கு மட்டும் ஒரு மணி நேரம் இருந்து மூச்சு வாங்கினாலே போதும், ஆனால் நிரோவின் பாத்திரம் வளர்ந்திருக்கும் படியில் அவனிடம் இருப்பதே இரண்டு ஸ்லாட். சோசரர் என்ற இன்னொரு வகை, ஸ்லாட்டை உடைத்துப் புள்ளியாக்கலாம், புள்ளியைக் கொண்டு வேறு ஸ்லாட் செய்யலாம். நிரோவின் பாத்திரம் மூன்று படி வோர்லொக், மூன்று படி சோசரர்.

[மாலை 6.46] நிரோ: அதாவது அம்மா, ஒரு மணி நேரம் இருந்தால் இரண்டு வோர்லொக் ஸ்லாட். ஒன்றை உடைத்தால் இரண்டு புள்ளி. இரண்டு புள்ளிக்கு ஒரு முதல்நிலை ஸ்லாட். மற்றதையும் அப்படியே. இப்படிச் செய்த ஸ்லாட் நீண்ட ஓய்வு எடுத்தால்தான் அழியும். நான் நீண்ட ஓய்வே எடுப்பதில்லை. எட்டு மணி நேரத்தில் பதினாறு. இரண்டு இரவில் முப்பத்திரண்டு.

[மாலை 6.48] விஜயா மாமி: மற்றவர்கள் தூங்கும்போது நீ விழித்திருந்து சேர்த்து வைக்கிறாய்.

[மாலை 6.49] நிரோ: ஆம். நான் கண்டுபிடித்ததல்ல. உலகம் முழுவதும் தெரிந்த வழி. கோப்பி குடித்துக்கொண்டு தூங்காமல் இருக்கும் வோர்லொக் என்பதால் கோப்பிலொக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

[மாலை 6.58] சிவா: நேற்றைய இரவை நான் கட்டியது எப்படி என்று இப்போது சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன பயன். எங்கள் கதை நடக்கும் ஊரிலும் ஒரு வாவி இருக்கிறது. பௌர்ணமியில் மீன் பாடுகிறது. பாலத்தின் கீழே ஒரு காவல் உயிர் இருக்கிறது. தாரணியின் பாத்திரம் அந்த வாவியில் மூழ்கிப் பிழைத்தவள், அந்த உயிரின் குரலைக் கேட்டு வளர்ந்தவள். இதை அவள் நான்கு பக்கம் எழுதித் தந்தாள். மூன்று மாதமாகப் பாலத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தோம். அதற்கு முன்னால் இரண்டு நாளாக உங்களை மூன்று சண்டைக்குள் இழுத்தேன். ஏன் தெரியுமா? பாலத்துக்கு வரும்போது எல்லோருடைய கையும் வெறுமையாக இருக்க வேண்டும். அடிக்க ஒன்றும் இல்லாதபோது, படகில் போய்ப் பேசுவது ஒன்றுதான் மிஞ்சும். அந்த உயிருக்கு முப்பது உயிர்ப்புள்ளிதான் வைத்திருந்தேன். சண்டை போட வைத்ததே அல்ல அது.

[மாலை 7.00] சுதா: உன்னிடம் பதினாறு மிச்சம் இருந்தது, நிரோ.

[மாலை 7.01] நிரோ: பதினாறு. ஆம்.

[மாலை 7.06] றிஸ்வான்: படகு குரல் கேட்கும் தூரத்துக்குப் போக மூன்று சுற்று (எல்லோருக்கும் ஒரு முறை வந்தால் ஒரு சுற்று) வேண்டும் என்று சிவா அண்ணன் சொன்னார். அந்த மூன்று சுற்றும் எனக்கு மனப்பாடம். முதல் சுற்று, மேஜிக் மிசைல், மூன்று அம்பு. குறி தவறாத மந்திரம், பகடை உருட்டித் தப்ப வழியில்லை. இரண்டாம் சுற்று, இன்னும் மூன்று. அந்த உயிர் திருப்பி அடித்தது, நீ ஷீல்ட் சொல்லித் தடுத்தாய். மூன்றாம் சுற்று, மீண்டும் மூன்று. ஒன்பது அம்பு. முப்பத்திரண்டு புள்ளி, அது செத்தது. தாரணி துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

[மாலை 7.07] றிஸ்வான்: இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபத்தில் சொல்லவில்லை. நேற்று நான் பகடை உருட்டியது நான்கு தடவை. எண்ணினேன். கடையைப் பூட்டிவிட்டுக் காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்து இரண்டரை மணி நேரம் இருந்தேன். என் வாள்வீரன் பாதிக் கதையில் கதவோரம் நின்றான். நீ "பின்னால் நில்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாய். நல்ல மனத்தோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும்.

[மாலை 7.15] நிரோ: சரி, என் பக்கத்தையும் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம். அதை நான் இரவிரவாக வாசித்தேன். கிரிக்கெட்டில் என்னை எந்த அணியும் கடைசியாகத்தான் எடுக்கும், உங்களுக்குத் தெரியும். இங்கேதான் நான் உழைத்தால் உழைப்புக்குப் பலன் இருக்கிறது. நன்றாகப் படித்து வந்தவனைப் பார்த்து ஏன் படித்தாய் என்று கேட்டால் நான் என்ன செய்வது? ஓட்டையைத் தேடுகிறவர்கள் இருப்பதால்தான் விளையாட்டே திருந்தியது. 2003இல் வந்த மூன்றரையாம் பதிப்பில் பத்தடி ஏணி ஐந்து செப்புக்காசு. பத்தடிக் கம்பு இரண்டு வெள்ளிக்காசு, அதாவது இருபது செப்பு. ஏணியை வாங்கிப் படிகளைக் கழற்றி இரண்டு கம்பாக விற்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் இருபது செப்பு கையில். நாங்கள் ஆடும் 2014 பதிப்பில் ஏணி பத்து, கம்பு ஐந்து. அதில் ஒரு சதமும் மிஞ்சாது.

[மாலை 7.19] சுதா: ஏணிக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதனால் மேசையில் யாருடைய முறையும் பறிபோகவில்லையே, தம்பி. நானும் ஒன்று செய்கிறேன், மறைக்கவில்லை. குட்பெரி மந்திரத்தில் பத்துப் பழம் வரும். ஒன்று ஒரு புள்ளி காயம் ஆற்றும். என் பாத்திரத்தின் தெய்வ வரம் அதோடு மூன்றைக் கூட்டுகிறது. பத்துப் பழத்தில் நாற்பது புள்ளி, ஒரேயொரு முதல்நிலை ஸ்லாட்டுக்கு. அது அளவுக்கு மிஞ்சியதுதான். ஆனால் பழத்தை றிஸ்வானின் கையில் கொடுத்தால் அவன் எழுந்து மீண்டும் வாளைத் தூக்குகிறான். என் ஓட்டையால் இன்னொருவன் ஆட்டத்துக்குள் திரும்பி வருகிறான். உன்னுடையதால் நாங்கள் வெளியே போகிறோம்.

[மாலை 7.21] சுதா: அதுவும் பிழை என்றால் சொல்லுங்கள், இன்றே விட்டுவிடுகிறேன். 2024 பதிப்பில் அந்த வரத்தை, மந்திரம் சொல்லும் அந்த முறைக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

[மாலை 7.22] றிஸ்வான்: பழத்தை விடாதீர்கள் அக்கா. நான் செத்துப்போவேன்.

[மாலை 7.34] சிவா: 2024இல் வந்த நடத்துநர் கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி எழுதியிருக்கிறார்கள். பழைய தந்திரம் ஒன்று உண்டு: ஆயிரக்கணக்கான குடியானவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்காள் ஈட்டியைக் கைமாற்றச் சொல்வது. ஒரு சுற்று ஆறு வினாடி. எத்தனை பேர் நின்றாலும் அந்த ஆறு வினாடிக்குள் ஈட்டி கடைசி ஆளிடம் போய்விடுகிறது என்று விதியை வாசிக்கலாம். அப்படியானால் அது பீரங்கிக் குண்டை விட வேகம் என்று வாதாடுவார்கள். கையேடு சொல்வது, விதிகள் பௌதிகம் அல்ல. விதியை நல்லெண்ணத்தோடு வாசிப்பவர்களை நம்பித்தான் எழுதியிருக்கிறோம் என்றும் சொல்கிறது. நேற்று அந்தப் பக்கத்தை நான் திறந்திருக்க வேண்டும். ஒரு சொல்லுக்காக நிரோவும் நானும் நாற்பது நிமிடம் வாதாடினோம். தாரணி துடுப்போடு இரண்டாம் சுற்றில் உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. பிழையில் பாதி என்னுடையது. நான் நிறுத்தவில்லை.

[மாலை 7.47] விஜயா மாமி: சிவா, உன்னை இவர்கள் அண்ணாவியார் என்று கூப்பிடுகிறார்கள், எனக்கு அது பெருமை. என் அப்பா வடமோடிக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். களரியில் ஒரு ராசா தன் பாட்டை முடிக்காமல் இழுத்துக்கொண்டே போனால், மற்றவன் உடுத்திக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கிறான் என்பது அப்பாவுக்குத் தெரியும். மத்தளத்தில் தாளத்தைத் தீர்த்துவிடுவார். எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும் தீர்த்துவிடுவார். ஆட்டக்காரன் கோபித்தது இல்லை. ஏனென்றால் அவன் உள்ளே போனதும் வெளியே வருகிறவன் அவனுடைய தம்பியாக இருப்பான், மச்சானாக இருப்பான்.

[மாலை 7.50] விஜயா மாமி: கொம்புமுறியிலும் அப்படித்தான். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று, கொம்போடு கொம்பைக் கொளுவி இழுக்கும். கொம்பு முறிய வேண்டும் என்றுதானே இழுக்கிறோம். முறியாத கொம்பு ஒன்றை யாராவது செய்துகொண்டு வந்தால், அவனுக்கு வெற்றி கிடைக்கலாம், அம்மனுக்கு விழா கிடைக்காது. நிரோ, நீ கெட்ட பிள்ளை அல்ல. நீ வாசிப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறவள். ஆனால் நேற்று அவள் படகில் இருந்தாள் மகன்.

[இரவு 8.03] நிரோ: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[இரவு 8.04] நிரோ: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[இரவு 8.19] றிஸ்வான்: எழுதியதை அனுப்பு மச்சான். நாங்கள் இருக்கிறோம்.

[இரவு 8.26] நிரோ: ஒன்றைச் சொல்ல வேண்டும். தூக்கமே தேவையில்லாத வோர்லொக் வரம் 2017இல் வந்த துணைப்புத்தகத்தில் இருக்கிறது, அதைத்தான் எடுத்தேன். அதே புத்தகத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. நீண்ட ஓய்வு இல்லாமல் இருபத்துநான்கு மணி நேரம் கழிந்தால் உடல்வலுவுக்குப் பகடை உருட்ட வேண்டும், பத்து வர வேண்டும். தவறினால் களைப்பு ஒரு படி ஏறும். அடுத்த நாள் பதினைந்து வர வேண்டும். விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விதிதான், ஆனால் நான் அதை வாசித்திருந்தேன். சிவா மச்சானுக்கு அது தெரியாது என்றும் எனக்குத் தெரியும். எனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் காட்டினேன்.

[இரவு 8.28] நிரோ: பக்க எண்ணோடு காட்டினேன் என்று மாலையில் எழுதினேன். அந்த வரியை வாசிக்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

[இரவு 8.31] சிவா: மறைக்காமல் சொன்னாயே, அது போதும். தாரணி விரும்பினால் பாலத்துக்கு முன்னால் இருந்து மறுபடி ஆடலாம். நேற்று நடந்ததை நடக்காததாக வைத்துக்கொள்கிறேன்.

[இரவு 8.52] தாரணி: வேண்டாம் அண்ணா.

[இரவு 8.58] தாரணி: எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். மறுபடி ஆடினால் அது சொல்லப் போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்ததுபோல் ஆகிவிடும். அது செத்தது செத்ததுதான். ஆனால் நிரோ மச்சான், நான் எழுந்து போனது அது செத்ததற்காக அல்ல. மூன்றாவது சுற்றில் என் முறை வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இரண்டு கிழமையாக யோசித்து, ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். நீங்கள் ஒன்பதாவது அம்பைக் கூட்டிக்கொண்டிருந்தீர்கள். "நில்லுங்கள்" என்று இரண்டு தடவை சொன்னேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணாவும் பார்க்கவில்லை.

[இரவு 9.00] சிவா: கேட்கவில்லை தாரணி. உண்மையாகவே கேட்கவில்லை. அதுதான் பெரிய பிழை.

[இரவு 9.01] நிரோ: எனக்குக் கேட்டது. முதல் தடவையே கேட்டது. கூட்டி முடித்துவிட்டு நிமிரலாம் என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்.

[இரவு 9.09] தாரணி: சரி. அப்படியென்றால் நான் கேட்பது இது. அடுத்த முறை வாவியில் மீன் பாடக்கூடாது அண்ணா. காவல் போனபின் பாட்டு எப்படி வரும்? அந்த அமைதியிலிருந்து தொடங்குங்கள். நான் எழுதிய வரியை அந்தத் தண்ணீருக்குச் சொல்லிப் பார்க்கிறேன். நிரோ மச்சானின் பாத்திரம் என் படகில் வர வேண்டும், துடுப்பு அவரிடம். ஏறுவதற்கு முன்னால் அவர் ஓர் இரவு தூங்கியிருக்க வேண்டும்.

[இரவு 9.10] றிஸ்வான்: எனக்கும் படகில் இடம் இருக்கிறதா?

[இரவு 9.10] தாரணி: இருக்கிறது. முன்னால் இருங்கள், விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும்.

[இரவு 9.14] சிவா: சனிக்கிழமை மாலை ஆறு மணி. விதி பற்றிய வாதம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் நான் தாளத்தைத் தீர்த்துவிடுவேன். மிச்ச வாதத்தை மறுநாள் இந்தக் குழுவில் வைத்துக்கொள்ளலாம். யாராவது "நில்லுங்கள்" என்றால் எல்லோரும் பகடையைக் கீழே வைக்க வேண்டும், நானும்.

[இரவு 9.15] சுதா: சனிக்கிழமை எனக்குப் பகல் வேலை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஆறரைக்குள் வந்துவிடுவேன். நான் வரும்வரை படகை அவிழ்க்காதீர்கள்.

[இரவு 9.31] நிரோ: (படம்) என் பாத்திரத் தாள். மிச்சம் இருந்த ஸ்லாட்டுக்குப் போட்டிருந்த பன்னிரண்டு கோடுகளையும் அழித்துவிட்டேன். நீண்ட ஓய்வு என்று திகதி போட்டு எழுதியிருக்கிறேன்.

[இரவு 9.38] தாரணி: பார்த்தேன். அழித்த தூள் இன்னும் தாளிலேயே கிடக்கிறது மச்சான், ஊதிவிடுங்கள்.