பிஎஸ்3-இல் ஃப்ளாக் பாட்டு திக்குகிறது, அரை மணியில் சர்வரே காணாமல் போகிறது

சிப்புட்_ஸ்பீக்கர்
வணக்கம் அண்ணன்மாரே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய எஸ்டேட் வரிசை வீடு. கணினி பின் அறையில், ரூட்டரும் பிஎஸ்3-உம் (ப்ளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டி) ஹாலில். எல்லாம் வைஃபைதான். சிடியில் இருந்து எடுத்த பாட்டுகளை கணினியில் ஓடும் யூனிவர்சல் மீடியா சர்வர் மென்பொருள் வழியாக பிஎஸ்3-க்கு அனுப்புகிறேன். எம்பி3 சுத்தமாக ஓடுகிறது. ஃப்ளாக் (தரம் இழக்காமல் சுருக்கிய பாட்டுக் கோப்பு) மட்டும் சில வினாடிக்கு ஒருதரம் திக்குகிறது. சுமார் அரை மணியில் சர்வர் பட்டியலிலேயே இல்லை. பிஎஸ்3 ஆப்டிகல் (ஒளிவழி) கேபிள் வழியாக ஆம்ப்புக்குப் (ஆம்ப்ளிஃபயர்) போகிறது. எங்கே கோளாறு?

ஆர்ஜே45
தம்பி, இது இரண்டு கோளாறு. சேர்த்துப் பார்த்தால் குழம்பும்.

முதலில் திக்கல். பிஎஸ்3-க்கு ஃப்ளாக் தெரியாது. சர்வர்தான் அதைப் பிரித்து எல்பிசிஎம் (சுருக்காத ஒலித் தரவு) ஆக அனுப்புகிறது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் வினாடிக்கு 1411 கிலோபிட். எம்பி3 அதிகபட்சம் 320. ஆக, அதே பஃபர் (தரவை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் இடம்) எம்பி3-க்கு நாலு மடங்கு நேரம் தாங்கும். அதனால்தான் எம்பி3-இல் குறை தெரியவில்லை.

பிஎஸ்3-இன் வைஃபை பழைய 802.11ஜி, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். 54 மெகாபிட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் கையில் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. போதாததற்கு உங்கள் கணினியும் வைஃபை. அதுவும் 2.4-இல் இருந்தால் ஒரே பாட்டு, அதே சேனலில் காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. சராசரி வேகம் போதும்; இடையில் விழும் தடங்கல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. கணினியை மட்டும் தற்காலிகமாக லேன் கேபிளில் ரூட்டருக்குப் போட்டுப் பாருங்கள். திக்கல் நின்றால் கேட்5இ கேபிள் இழுத்துவிடுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். கூரை ஓரமாக வெளியே இழுத்தால் இடி மழைக்கு முன்னால் இரண்டு முனையையும் கழற்றுங்கள், நம்ம ஊர் மின்னலைச் சொல்ல வேண்டியதில்லை.

மல்டிகாஸ்ட்_மணி
அரை மணிக் கணக்குக்குக் காரணம் உண்டு. சர்வர் "நான் இருக்கிறேன்" என்று 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (பல கருவிக்கும் ஒரே தடவையில் அனுப்பும்) முகவரிக்கு, யுடிபி 1900 போர்ட்டில் அறிவிக்கும். அந்த அறிவிப்பின் ஆயுள் பெரும்பாலும் 1800 வினாடி. அதற்குள் மறு அறிவிப்பு வந்து சேராவிட்டால் பிஎஸ்3 பெயரை அடித்துவிடும்.

முதலில் சுலபமானது: கணினி தூங்கப் போகிறதா பாருங்கள். ஸ்லீப்பை நிறுத்துங்கள். விண்டோஸில் அந்த வைஃபை 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். விபிஎன், வர்ச்சுவல்பாக்ஸ் ஏதாவது இருந்தால் சர்வர் தப்பான நெட்வொர்க் கார்டில் போய் உட்காரும். யூனிவர்சல் மீடியா சர்வரின் நெட்வொர்க் அமைப்பில் சரியான கார்டைக் கட்டாயமாக்குங்கள்.

அதெல்லாம் சரியென்றால் ரூட்டரின் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்தான் (மல்டிகாஸ்ட்டைக் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் விடும் வசதி) என் சந்தேகம். அதை அணைத்து ரூட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். மெனு பூட்டியிருந்தால் சாதா 5 போர்ட் சுவிட்ச் ஒன்றை வைத்து, கணினி, பிஎஸ்3 இரண்டையும் அதில் குத்துங்கள். ஸ்னூப்பிங் இல்லாத சுவிட்ச் மல்டிகாஸ்ட்டை எல்லா போர்ட்டுக்கும் கொட்டிவிடும்.

பாட்டுப்பெட்டி
இவ்வளவு பாடு எதற்கு, எல்லாவற்றையும் வேவ் (சுருக்காத பாட்டுக் கோப்பு) ஆக மாற்றி வைத்தால் போகிறது.

ஆர்ஜே45
மாற்றலாம், ஆனால் 4 நிமிடப் பாட்டு 42 மெகாபைட் ஆகும், ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதிதான். ஆல்பம் படமும் பாடகர் பெயரும் வேவில் ஒழுங்காக நிற்காது. அதோடு வேவும் அதே 1411 கிலோபிட்தான், திக்கல் அப்படியே இருக்கும்.

சிப்புட்_ஸ்பீக்கர்
கணினியைக் கேபிளில் போட்டதும் திக்கல் நின்றது. ஸ்னூப்பிங்கும் அணைத்தாயிற்று, சர்வர் நிற்கிறது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் சிலது உண்டு. அதுவும் முழுசாகப் போகுமா?

மல்டிகாஸ்ட்_மணி
போகாது. டிஎல்என்ஏ-வில் (வீட்டுக் கருவிகள் பாட்டு, படம் பகிரும் இந்த முறை) நம்பக்கூடிய எல்பிசிஎம் 16 பிட், 44.1 அல்லது 48 தான். அந்தக் கோப்புகளைச் சர்வர் குறைத்தே அனுப்பும், அதை லாஸ்லெஸ் (இழப்பில்லாதது) என்று சொல்ல முடியாது. நீங்களே 48-க்கு மாற்றி வைத்தால் 96-க்கு நேர்பாதி, கணக்கு சுத்தமாக வரும். சிடி பாட்டுக்கு இழப்பில்லை. ஆனால் பிஎஸ்3-இன் ஒலி அமைப்பில் ஆப்டிகலுக்கு 'லீனியர் பிசிஎம் 2 சேனல் 44.1' டிக் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 48-க்கு மாற்றித்தான் ஆம்ப்புக்குக் கொடுக்கும்.

நிஜமாகவே எல்பிசிஎம் போகிறதா என்று பார்க்க டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் வரைபடம் போதும். சராசரி 1.4 மெகாபிட் அளவில் நிற்க வேண்டும். 0.3-இல் கிடந்தால் சர்வர் கமுக்கமாக எம்பி3 ஆக்கி அனுப்புகிறது. அதன் பிஎஸ்3 ரெண்டரர் (பாட்டை வாங்கி இசைக்கும் கருவி) அமைப்பில் ஆடியோ வடிவத்தை எல்பிசிஎம் ஆக்குங்கள்.