லெடிங்கா, லீடிங்கா? 'வரித்தொலைவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

பக்க வடிவமைப்பு மென்பொருளின் தமிழாக்கக் கோப்பில், வரிக்கு வரி எவ்வளவு தூரம் என்று குறிக்கும் பெட்டியின் ஆங்கிலப் பெயரான leading என்பதற்கு 'முன்னணி' என்று ஒரு சொல் ஏறியிருக்கிறது. அதைத் தயவுசெய்து எடுத்துவிடுவோம். ஆங்கிலச் சொல்லை 'லீடிங்' என்று வாசித்ததால் வந்த தவறு அது. அங்கே இருப்பது 'லெடிங்'. எழுத்துக்கூட்டல் ஒன்றுதான், ஆனால் வழிநடத்து என்ற பொருளில் வந்தால் லீட், உலோகமாக வந்தால் லெட். கையால் அச்சுக் கோத்த காலத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மெல்லிய ஈயப் பட்டையைச் செருகுவார்கள், அந்தச் செருகலின் பெயர்தான் இன்று கணினித் திரை வரைக்கும் வந்திருக்கிறது. (ஈயம் என்ற நம் சொல்லும் லேசுப்பட்டதல்ல. லெட் என்பது காரீயம், பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அச்செழுத்து வார்த்த கலவையில் இரண்டுமே உண்டு, கூடவே ஆன்டிமனியும்.)

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வரியிடைவெளி' என்று பலரும் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டதும் புரிகிற நல்ல சொல், ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். ஈயப் பட்டை இருந்தவரை அது சரி, 10 புள்ளி (அச்சில் எழுத்தை அளக்கும் அலகு) எழுத்துக்கு நடுவே 2 புள்ளிப் பட்டை வைத்தால் இடைவெளி 2 தான். இன்றைய மென்பொருள் கேட்பது அந்த 2 அல்ல, எழுத்தையும் சேர்த்து 12. அதாவது ஒரு வரியில் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் கோட்டிலிருந்து அடுத்த வரியின் அதே கோடு வரைக்கும் உள்ள தூரம். ஒரு நண்பர் தன் புத்தகத்தைத் தானே வடிவமைத்தபோது பெட்டியின் மேல் 'வரியிடைவெளி' என்று பார்த்துவிட்டு, 2 புள்ளி இடைவெளி போதுமே என்று 2 என்றே தட்டினார். பத்தி முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கறுப்புப் பட்டையாகிவிட்டது. அவர் மேல் பிழையே இல்லை, பெட்டியில் எழுதியிருந்ததை நம்பினார், அவ்வளவுதான்.

அதனால்தான் 'வரித்தொலைவு' என்கிறேன். வரிக்கு வரி எவ்வளவு தொலைவு என்று தானே பொருள் சொல்லிவிடும், 12 என்ற எண்ணும் உறுத்தாது. 'வரியிடைவெளி' வீணாகப் போகாது, எழுத்துருக் கோப்புக்குள் வரிகளுக்கு நடுவே விடும் கூடுதல் இடத்துக்கென்று தனி அளவு ஒன்று இருக்கிறது, அதற்கு வைத்துக்கொள்ளலாம். 'அடிக்கோட்டுத் தொலைவு' இன்னும் துல்லியம் என்று ஒருவர் எழுதியிருந்தார். துல்லியம்தான், ஆனால் எல்லா மென்பொருளிலும் அடிக்கோடு என்றால் சொல்லுக்குக் கீழே இழுக்கும் கோடு என்று பழகிவிட்டதே. 'வரியீயம்' அழகாக இருக்கிறது, எனக்கும் பிடித்தது, ஆனால் அச்சுக்கூடத்தைப் பார்த்திராதவருக்கு அது விளங்காது.

நமக்கு இந்த அளவு ஆங்கிலத்தைவிட முக்கியம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் தானாக வைக்கும் அளவு எழுத்தில் 120 விழுக்காடு, 10 புள்ளிக்கு 12. தமிழில் மேல்வரியின் 'ழு' கீழே இறங்கும், கீழ்வரியின் 'கீ' மேலே சுழிக்கும், இரண்டும் நேருக்கு நேர் வந்தால் பல எழுத்துருக்களில் 12 போதவே போதாது. இதை அடிக்கடி மாற்றப்போகிறவர்கள் நாம்தான், பெயர் தெளிவாக இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. இதே எழுத்துக்கூட்டல் கோப்பில் இன்னும் இரண்டு இடத்தில் வருகிறது, அங்கே உண்மையிலேயே லீடிங்தான். எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூச்சியத்தைச் சொல்லும் இடத்தில் 'முன்சுழியம்' போதும். வரி தொடங்கும் திரையோரத்தைச் சொல்லும் இடத்தில் 'இடப்பக்கம்' என்று போட்டுவிடாதீர்கள், வலமிருந்து இடமாக எழுதும் அரபியில் அது வலப்பக்கம், 'தொடக்கப் பக்கம்' என்றால் இரண்டுக்கும் சரி. அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் செய்தியின் முதல் பத்தியைக் குறிக்கும் லீடுக்கு எழுத்துக்கூட்டலையே மாற்றிக்கொண்டார்கள், ஈயத்தோடு குழம்பக்கூடாது என்று. நமக்கு அந்தச் சிரமம் வேண்டாம், மென்பொருளின் மொழிபெயர்ப்புகளை வைக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் சூழல் குறிக்க இடமிருக்கிறது. மூல நிரலை எழுதுகிறவர்களிடம் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துத் தரும்படி நான் கேட்கிறேன்.

'வரி' என்றால் கட்டுகிற வரி என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு சின்னத் தயக்கம் உண்டு. எழுத்துருவுக்கும் எழுத்தளவுக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் அப்படி வாசிக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். உங்களுக்கு வேறாகத் தோன்றினால் சொல்லுங்கள், அதுவரை கோப்பில் கை வைக்க மாட்டேன்.