ராத்திரியில் டைவர்ஷன் பலகையைப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் யாரைக் கேட்பது?

இரவுப்பயணி:
போன வாரம் ஊருக்குப் போகும்போது, நாலுவழிச் சாலையில் மேம்பால வேலை நடக்கும் இடம், மணி பதினொன்று இருக்கும். எண்பதில் வந்துகொண்டிருந்தேன். திடீரென்று எதிரே நாலு மணல் மூட்டை, வெள்ளையடித்த தார் டிரம் ஒன்று, அதில் சாய்த்து வைத்த டைவர்ஷன் பலகை. அம்புக்குறி மேல் ஒரே புழுதி. பிரேக்கை மிதித்து எப்படியோ சர்வீஸ் ரோட்டுக்குள் திருப்பினேன், பின்னால் லாரி வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். இதற்கெல்லாம் விதி உண்டா, இல்லை கான்ட்ராக்டர் இஷ்டமா?

சைட்டுக்காரன்:
உண்டு. சாலை வேலை நடக்கும் இடங்களுக்கென்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) போட்ட வழிகாட்டி, ஐஆர்சி எஸ்பி 55 என்று பெயர், 2014-இல் திருத்தி வெளியிட்டார்கள். முதலில் முன்னெச்சரிக்கை, அப்புறம் வண்டி ஒதுங்கும் பகுதி, அதன்பின் வேலை நடக்கும் இடம், கடைசியில் பழைய லேனுக்குத் திரும்பும் பகுதி என்று பிரித்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது நாலையும் ஒரே டிரம்மில் முடித்த கேஸ். எண்பதில் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும், பார்த்து பிரேக் பிடித்து நிற்க 120 மீட்டர் வேண்டும் என்பது நம் சாலைக் கணக்கு. லேனை மூடும்போது கோன்களைக் குறுக்கே அடுக்கக் கூடாது, சாய்வாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். அமெரிக்கக் கையேட்டில் 60 மைல் வேகச் சாலையில் 12 அடி லேனை மூட 720 அடி நீளத்துக்குச் சாய்க்கச் சொல்கிறார்கள். இங்கே பத்து கோனோடு சரி.

இன்னொன்று, பழைய வெள்ளைக் கோட்டை அழிக்காமல் விடுவது. மழை ராத்திரியில் பலகையைவிடக் கோட்டைத்தான் கண் பிடிக்கும், அது நேராகப் பள்ளத்துக்குக் கூட்டிப் போய்விடும்.

லாரிக்காரன்:
எல்லாம் சரி சார், வைத்த கோன் காலையில் இருக்குமா? பாதி ஹோட்டல் வாசலில் பார்க்கிங்குக்கு நிற்கும். எனக்கு எரிச்சல் வேறு. வேலை முடிந்து மூன்று மாதமாகியும் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' பலகை அங்கேயே கிடக்கும், நாலு தடவை ஏமாந்தவன் ஐந்தாவது தடவை வேகத்தைக் குறைப்பானா?

ஒருவழியாக விடும் இடங்களில் கொடி பிடிப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் பலகையே வேண்டாம். ஒரு மலைப்பாதையில் போன் சிக்னல் கிடையாது, வளைவுக்கு அந்தப்பக்கம் ஆளும் தெரியாது. அங்கே நின்ற பெரியவர் கடைசி வண்டிக்காரரிடம் சிவப்புத் துணி கட்டிய குச்சியைக் கொடுத்தனுப்புவார். குச்சி போய்ச் சேர்ந்தால்தான் அங்கிருந்து வண்டி விடுவார்கள். ஒருநாள் நான்தான் கடைசி, கொடுக்க மறந்து இரண்டு கிலோமீட்டர் போய்விட்டேன், ஒரு பையன் பைக்கில் துரத்தி வந்து திட்டிக்கொண்டே வாங்கிப் போனான்.

வக்கீல்மாமா:
மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 198ஏ பிரிவைச் சேர்த்தது. சாலைப் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் உயிரோ உறுப்போ போனால் கான்ட்ராக்டர், ஆலோசகர், பொறுப்பான அதிகாரி ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். போனால்தான், அதுதான் சங்கடம். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் போடுங்கள். 'மேம்பாலம் பக்கத்தில்' என்றால் ஆயிரம் மேம்பாலம் இருக்கிறது, கிலோமீட்டர் கல் எண்ணைச் சொல்லுங்கள்.

இரவுப்பயணி:
கல் எண்ணைப் பார்க்கும் நிலையிலா இருந்தேன்! ஞாயிற்றுக்கிழமை அதே வழியில் திரும்புகிறேன், இந்தத் தடவை பகலில். எண்ணோடு போட்டோவும் போடுகிறேன்.