அமைவுக்கட்டு: மடிக்கணினியின் பிணைய அமைவுகளுக்கு ஒரு சொல்

வணக்கம்.

ஒரே மடிக்கணினியை ஓரிடத்தில் நிலையான ஐபி முகவரியோடும் (பிணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்) இன்னோரிடத்தில் டிஎச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் முறை) தரும் முகவரியோடும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். அப்படிச் சேமித்து வைக்கும் ஒவ்வோர் அமைவுத் தொகுப்புக்கும் மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பில் ‘முகவரி மாற்றி’ என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. எனக்கு உடன்பாடில்லை. ரவுட்டர் செய்யும் ‘நாட்’ வேலையை, அதாவது உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றுவதைச் சொல்வதாகவே அது ஒலிக்கும். மேலும், இங்கே மாறுவது முகவரி மட்டுமா?

அலுவலகத்தில் முகவரி 192.168.10.45, சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே பிணையம் என்று காட்டுவது) 255.255.255.0, கேட்வே (வெளியே போகும் வாசல்) 192.168.10.1 என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ரவுட்டர் 192.168.1.1. வீட்டுக்கு வந்து முகவரியை மட்டும் 192.168.1.45 என்று திருத்தினால் அங்குள்ள பிரிண்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், இணையம் வராது, கேட்வே பழையது. அதையும் திருத்தினால் இணையத்தில் உள்ள 8.8.8.8-க்குப் பிங் போகும், ஆனால் பெயரைத் தட்டினால் ஒரு தளமும் திறக்காது. தளத்தின் பெயரை முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ் இன்னும் அலுவலகத்தின் உள் சர்வரைத் தேடுகிறது. விண்டோஸில் ஐபியைத் தானாகப் பெறச் சொன்ன பிறகும் டிஎன்எஸ்ஸைக் கையால் கொடுத்தபடியே விட்டுவைக்க முடியும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இணையத்துக்கும் நமக்கும் இடையில் நிற்கும் பிராக்ஸியோ வேறொரு திரையில் ஒளிந்திருக்கிறது. முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், பிராக்ஸி என்ற இந்த ஐந்தும் ஒன்றாகக் கட்டி வைக்கப்பட்டு, ஒன்றாக மாற வேண்டும். அதனால் ‘அமைவுக்கட்டு’ என்கிறேன். ஏட்டுக்கட்டு, சீட்டுக்கட்டு வரிசையில் வரும்.

—

நண்பரே, பொருள் சரி. ஆனால் வேற்றுமை ஏற்றிப் பார்த்தீர்களா? ‘கட்டை ஏற்று’ என்று பொத்தானில் எழுதினால் லாரியில் விறகு ஏற்றச் சொல்வது போல இருக்கும். ‘கட்டு மாற்று’ என்றால் புண்ணுக்கு மருந்து வைப்பது. மேக்கில் இதை ‘லொக்கேஷன்’ என்கிறார்கள். ‘இட அமைவு’ எளிதாக இல்லையா? அல்லது எல்லாருக்கும் பழகிப்போன ‘சுயவிவரம்’?

—

விறகை ஒப்புக்கொள்கிறேன்! ஆனால் ‘இட அமைவு’ நிற்காது. புது ரவுட்டரையோ சிசிடிவி ரெக்கார்டரையோ அமைக்க உட்காருங்கள்: அதன் முகவரி 192.168.0.1 என்றால், கேபிளைச் செருகி நம் கணினிக்கு 192.168.0.50 போலக் கையால் ஒன்று கொடுக்கிறோம், கேட்வேயைக் காலியாக விடுகிறோம். வேலை முடிந்ததும் அதே நாற்காலியில் இருந்தபடியே டிஎச்சிபிக்குத் திரும்புகிறோம். இடம் மாறவில்லை, கட்டுதான் மாறியது.

‘சுயவிவரம்’ ஆளைப் பற்றியது. கல்யாணத் தரகர் கேட்பது. போதாததற்கு, விண்டோஸில் பிணைய ‘புரொஃபைல்’ என்பது பொது, தனி என்று ஃபயர்வாலின் (வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் காவல்) நடத்தையைத் தீர்மானிப்பது. முகவரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பொதி’ ஏற்கெனவே பாக்கெட்டுக்கு (பிணையத்தில் போகும் தரவுத் துண்டு) என்று போய்விட்டது. ‘கோவை’ என்றால் இலங்கையில் ஃபைல்.

வினைக்கு ஒரு வழி இருக்கிறது: செயப்படுபொருளே வேண்டாம், நான்காம் வேற்றுமையில் எழுதுவோம். ‘“அலுவலகம்” அமைவுக்கட்டுக்கு மாறு.’ விறகும் இல்லை, புண்ணும் இல்லை. நுட்பமாகவும் இதுவே பொருந்தும். லினக்ஸில் பிணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் ஒரு நெட்வொர்க் கார்டில் ஒரு நேரத்தில் ஒரு கட்டுதான் செயலில் இருக்கும்; புதியது வந்தால் பழையது இறங்கிவிடும். ஒரே கார்டுக்கு இரண்டாவது ஐபி கொடுப்பது வேறு வேலை, அதற்கு ‘முகவரி சேர்’ என்று எழுதலாம்.

—

‘மாறு’ நன்று, ஏற்கிறேன். ஒன்று விடுபடுகிறது: ஆட்டோகனெக்ட், அதாவது தானாகவே இணைந்துகொள்ளும் வசதி. வைஃபையில் பெயரைப் பார்த்துக் கணினி சரியான கட்டைத் (விறகு மறுபடியும்!) தேர்ந்துகொள்ளும். கேபிளுக்குப் பெயர் கிடையாது. ஒரே கார்டுக்கு டிஎச்சிபி கட்டு ஒன்றும் நிலையான கட்டு ஒன்றும் இருந்து, இரண்டிலும் ஆட்டோகனெக்ட் இயங்கினால், முன்னுரிமை எண் பெரியது வெல்லும். எண் சமமாக இருந்தால் கடைசியாகப் பயன்படுத்தியது வரும். நேற்று ரவுட்டர் அமைக்கப் போட்ட முகவரி இன்று அலுவலகக் கேபிளில் எட்டிப்பார்ப்பது இதனால்தான். நிலையான கட்டில் ஆட்டோகனெக்டை அணைத்துவிடுவதே நல்லது. மொழிபெயர்ப்பில் அந்தப் பெட்டிக்கு ‘தானே மாறு’ என்று போடுகிறேன்; ‘தானியங்கி இணைப்பு’ என்றால் வைஃபையே அணைந்துவிடுமோ என்று பயந்து யாரும் டிக்கை எடுக்கமாட்டார்கள்.

விண்டோஸின் ‘ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்’ நாம் கைப்பட மாறுவது அல்ல. டிஎச்சிபி பதில் சொல்லாதபோது மட்டும் எழும். அதிலும் எதுவும் நிரப்பாவிட்டால் 169.254 என்று தொடங்கும் முகவரிதான் கிடைக்கும். அதற்கு ‘மாற்று’ வேண்டாம், ‘பதிலி அமைவு’ என்று தனியாக வைப்போம்.