பிரிந்த உடன்பிறப்புகள் மேடையில் சந்தித்தபோது நீங்கள் கண்டது

மாடிவீட்டுக்காரர்

சென்ற மாதம் சென்னையில், அறுபது பேர் அமர்ந்தாலே நிறைந்துவிடும் ஒரு சிற்றரங்கில், புதிய நாடகம் ஒன்றைப் பார்த்தேன். கதையை விரிக்க வேண்டியதில்லை. தாயின் காரியம் முடிந்த மறுநாள் அக்காள், தம்பி, தங்கை மூவரும் பழைய வீட்டின் முற்றத்தில் பாத்திரங்களைப் பங்கு பிரிக்கிறார்கள். தம்பி சாதி மாறித் திருமணம் செய்ததால் பதினான்கு ஆண்டுகளாக அந்த வீட்டுப் படியேறாதவர். மேடையில் வேறு பொருளே இல்லை. சாக்கிலிருந்து கொட்டிய பித்தளையும் எவர்சில்வரும் மட்டும்தான்.

பாத்திரத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்குமல்லவா? அதைப் படித்துத்தான் எது யாருக்கு என்று முடிவு செய்கிறார்கள். முதலில் எடுத்த தம்ளரில் எதிர்வீட்டு அம்மாளின் பெயர் இருக்கிறது. அடுத்த கிண்ணத்திலும் அவர் பெயரே. நான்காவது பாத்திரம் வருவதற்குள், தாயார் இத்தனை ஆண்டுகளாகப் பண்டம் வந்த பாத்திரம் எதையும் திருப்பித் தந்ததில்லை என்பது மூவருக்கும் புரிந்துபோகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அரங்கமும் சிரித்தது, நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பின் நடுவில் அக்காள் ஒரு சொம்பை எடுத்தார். படித்தார், ஆனால் வாய்விட்டுப் படிக்கவில்லை. மற்றவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை; நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த நடிகை சொம்பை விளக்குக்கு நேராகப் பிடித்தபடி, என் சிரிப்பு முற்றிலும் ஓயும்வரை அசையாமல் நின்றார். பிறகுதான் படித்தார்: தம்பியின் பெயர், அவர் மனைவியின் பெயர், தாயார் போகாத அந்தத் திருமணத்தின் தேதி.

அவர் எனக்காகக் காத்து நின்ற அந்தச் சில நொடிகளை என்னால் இன்னும் கடக்க முடியவில்லை. மேடையில் இப்படிப் பிரிந்த உடன்பிறப்புகளைக் கண்டு, ஏதேனும் ஒரு கணம் நெஞ்சில் தைத்து நின்றவர்கள் எழுதுங்கள்.

செய்யாற்றங்கரை

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், வசதியுள்ள வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தைய இரவு கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். கர்ணன் வீடுபேறு அடைவதைப் பாடினால் இறந்தவருக்கும் அந்தப் பேறு கிட்டும் என்பது நம்பிக்கை. என் தந்தையின் காரியத்துக்கும் வைத்தோம். அப்போது நானும் என் அண்ணனும் பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பொதுக்கிணற்றில் யார் எந்த நாள் மோட்டார் ஓட்டுவது என்பதில் தொடங்கிய பகை அது. கூத்துக்கான பணத்தைக்கூடத் தாய்மாமன் வழியாகவே ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தோம்.

இரவு பத்தரை மணிக்கு முகவீணை ஊதத் தொடங்கியது. கர்ணன் வேடம் களரிக்கு, அதாவது ஆடுமிடத்துக்கு, வரும்போது திரை பிடிக்க வேண்டும். மரக் கிரீடமும் தோள்கட்டைகளும் கொண்ட கட்டை வேடம் புனைந்தவர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுவார். நமக்குக் கிரீடத்தின் உச்சியும் சலங்கைக் கால்களும் மட்டும் தெரியும். திரை பிடிக்க வேண்டிய இரண்டு பையன்களும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். வாத்தியார் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். ஒரு முனையை அண்ணன் போய்ப் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க எவரும் எழவில்லை. கொள்ளி வைத்தவன் நான் என்பதாலோ என்னவோ, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தத் துணி ஏறத்தாழ எட்டு முழம் இருக்கும். ஒருவர் தளர்த்தினால் நடுவில் தொய்ந்து உள்ளே இருப்பவரின் முகம் தெரிந்துவிடும். பின்னாலிருந்து கர்ணன் பாடுகிறார், துணி அவர் மூச்சில் அசைகிறது, நான் தரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். அண்ணன் முன்னால் பார்த்தபடியே, "இழுத்துப் புடிடா" என்றார். ஒன்பது ஆண்டுகளில் அவர் என்னிடம் சொன்ன முதல் சொல் அதுதான். நான் இழுத்துப் பிடித்தேன்.

விடியற்காலையில் குந்தி மகனை மடியில் போட்டுக்கொண்டு புலம்ப, பாண்டவர்கள் தாங்கள் வீழ்த்தியது தங்கள் மூத்தவனைத்தான் என்று அறியும் கட்டம் வந்தது. அண்ணன் அப்போது பந்தலில் இல்லை. காரியத்துக்குக் காய்கறி வண்டி வந்துவிட்டது என்று போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அவருக்கு நான் ஒரு பதிலாவது சொல்லியிருக்கலாம். மோட்டார் முறை இன்றும் தாய்மாமன் வழியாகத்தான் நடக்கிறது.

கட்டியங்காரன் கட்சி

முதல் பதிவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். துக்கக் காட்சியில் சிரித்ததற்காக நாணுவது நகரத்து அரங்குகள் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். தொல்காப்பியர், உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரியும் மெய்ப்பாடு எட்டையும் வரிசைப்படுத்தும்போது நகையை, அதாவது சிரிப்பை, முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். உவகையைக் கடைசியில் வைத்தார். நகையும் அழுகையும் ஒட்டி நிற்பதைச் செய்யுள் ஓசைக்காக வந்தது என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் கூத்து பார்த்தவர் ஒதுக்கமாட்டார். கூத்தில் எந்தத் துயரக் கட்டத்திலும் கோமாளியாகிய கட்டியங்காரன் களரியை விட்டுப் போவதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த கர்ண மோட்சத்தில், குந்தி மாரில் அடித்துக்கொண்டு அழும்போது கட்டியங்காரன் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இதை நேத்தே சொல்லியிருந்தா, ராத்திரியெல்லாம் நான் கண்ணு முழிச்சிருக்க வேணாமே தாயே" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்த வாயை மூடுவதற்குள் அந்தக் கேள்வியின் கனம் இறங்கியது. முன்பே சொல்லியிருந்தால் போரே இல்லையே.

இரண்டாம் பதிவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. கர்ணனும் பாண்டவரும் பிணங்கிப் பிரிந்த உடன்பிறப்புகள் அல்லர். உறவை அறிந்தவன் கர்ணன் ஒருவன்தான்; கண்ணன் தூதின்போதும் குந்தி வரம் கேட்க வந்தபோதும் அவனுக்கு அது தெரிந்துவிடுகிறது. அர்ச்சுனனுக்கோ எதுவுமே தெரியாது. அறியாமல் நேர்ந்ததும் அறிந்தே பேசாதிருப்பதும் ஒன்றாகா. இன்னொரு செய்தியும் உண்டு. புரிசை ஊர்த் தெருக்கூத்தின் வலிமையை நகரத்து நடிகர்கள் உணரச் செய்தவர் நாடகாசிரியர் ந. முத்துசாமி; அவர் 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியபின் அங்கே பயின்றவர்கள் உடலால் நிற்கவும் மௌனத்தைத் தாங்கவும் கூத்திலிருந்து கற்றார்கள். உங்கள் நடிகை சொம்போடு நின்றதும் அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். உங்களுக்காக நின்றார் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

செய்யாற்றங்கரை

ஐயா, நான் ஒப்பிடவில்லை. திரை பிடித்ததைச் சொன்னேன். எங்கள் இருவரில் யார் அறிந்தவர், யார் அறியாதவர் என்பது எனக்கே இன்னும் தெளிவாகவில்லை.

வத்திராயிருப்புப் பேத்தி

கர்ணனைப் பேசுகிறவர்கள் நல்லதங்காளை எப்படி மறந்தீர்கள்? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு மானாமதுரையிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வருகிறாள்; அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்க, அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள்; முடிவில் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் இதை ஸ்பெஷல் நாடகமாகப் போடுவார்கள். நடிகர்களைத் தனித்தனியே ஊர்களிலிருந்து அழைப்பார்கள். பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் சுதி கொடுத்தால் நாடகம் ஓடும்.

என் தாய்க்கும் தாய்மாமனுக்கும் பேச்சில்லை. அதற்கு அத்தைதான் காரணம் என்பது ஊரார் தீர்ப்பு. உண்மை எனக்குத் தெரியாது. ஒரு வருடம் பொங்கல் சாட்டில் நாடகம் பார்க்க உட்கார்ந்தபோது, இடநெருக்கடியில் அத்தையின் பாயும் எங்கள் பாயும் ஓரம் தொட்டுக்கொண்டு கிடந்தன. பபூன் வந்து ஒரு மணி நேரம் எல்லோரையும் சிரிக்கவைத்தார். அம்மாவும் அத்தையும் ஒரே வேடிக்கைக்கு ஒரே நேரத்தில் சிரித்ததை நான் நடுவில் படுத்தபடி பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

நள்ளிரவுக்குப் பிறகு மூளி அலங்காரி கதவடைத்தாள். மேடையில் கதவு ஏது? இரண்டு மடக்கு நாற்காலிகளை இழுத்துச் சேர்த்து வைத்தாள், அவ்வளவுதான். பெண்கள் பக்கமிருந்து வசவு கிளம்பியது. சில கிழவிகள் மேடையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பாயைச் சுருட்டினார். அதன் ஒரு மூலை எங்கள் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அம்மா தன் உடம்பைச் சற்றுத் தூக்கி அதை விடுவித்துக் கொடுத்தார். இருவரும் எதுவும் பேசவில்லை. கிணற்றுக் காட்சியை அன்று அம்மா பார்க்கவில்லை. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

பத்திர எழுத்தர் (ஓய்வு)

நானும் இதைப் போன்ற ஒரு நாடகம் பார்த்திருக்கிறேன். ஒரு சபாவில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நடந்தது. நடிகர் கையெழுத்துப் போட்ட தாள் வெற்றுத் தாள் என்பது எனக்கு இரண்டாம் வரிசையிலிருந்தே தெரிந்துவிட்டதால், அதன் பிறகு ஒன்ற முடியவில்லை.

மாடிவீட்டுக்காரருக்கு அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். பாத்திரம், நகை போன்ற அசையும் பொருள்களை வாய்மொழியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு பட்டியல் எழுதி மூவரும் கையொப்பமிடுவது பின்னாளில் மனத்தாங்கலைத் தவிர்க்கும். வீடு என்றால் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெறுங்கள். ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தால் அது விடுதலைப் பத்திரம். பதிவு செய்யாமல் விடாதீர்கள். பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கில்லை என்று இன்னும் சொல்லித் திரிபவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே மகளுக்கு மகனைப்போல் பிறப்புரிமை வந்தது. ஆனால் அதற்கு முன் திருமணமானவர்கள் விடுபட்டார்கள். 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. நல்லதங்காளுக்கு அப்படியொரு பங்கு இருந்திருந்தால் அண்ணி கதவைத் திறக்கிறாளா இல்லையா என்று காத்து நின்றிருக்க மாட்டாள். அது அவள் கதவாகவும் இருந்திருக்கும். ஆகவே மாடிவீட்டுக்காரர் தம் அக்காளையும் தங்கையையும் உடனே தொலைபேசியில் அழைத்துப் பேசுவது நல்லது. காலம் தாழ்த்தினால் வில்லங்கம் வளரும்.

வத்திராயிருப்புப் பேத்தி

கதவைப் பற்றிச் சொன்னது சரிதான் ஐயா, அதை நான் யோசித்ததில்லை. ஆனால் பாயின் மூலைக்கு எந்தப் பத்திரம் எழுதுவீர்கள்?

அமெச்சூர் நடிகை

கட்டியங்காரன் கட்சிக்காரர் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. மேடையில் நிற்பவர்களுக்குச் சிரிப்பைக் கையாள ஒரு கணக்கு இருக்கிறது. சிரிப்பு உச்சிக்குப் போய்ப் பாதி இறங்கும்போதே அடுத்த வசனத்தைத் தொடங்கிவிட வேண்டும். முற்றிலும் அடங்கட்டும் என்று காத்திருந்தால் காட்சி படுத்துவிடும். முப்பது பேர் பார்த்தாலும் முந்நூறு பேர் பார்த்தாலும் இதைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் முழுவதும் ஓயும்வரை நின்றார் என்றால், ஒன்று வசனம் மறந்திருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே நின்றிருக்க வேண்டும். எனக்கு வசனம் மறந்து ஒருமுறை நின்றிருக்கிறேன். என் சொந்தத் தம்பி முன்வரிசையில் உட்கார்ந்து உதட்டசைவால் சொல்லிக்கொடுத்தான். பிறகு ஆறு மாதம் அதைச் சொல்லிக் காட்டினான். உங்கள் நடிகை எந்த வகை என்று அங்கிருந்தவர்தான் சொல்ல முடியும்.

மாடிவீட்டுக்காரர்

பத்திர எழுத்தர் ஐயாவுக்கு நன்றி. எனக்கு உடன்பிறந்தார் எவரும் இல்லை. என் பெற்றோருக்கு நான் ஒரே மகன். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அனைத்திலும் என் தாயின் பெயர் மட்டுமே இருக்கிறது.

நடிகை அம்மையார் எழுதியதைப் படித்தபின், கடைசிக் காட்சி என்று அறிந்து, நேற்று மீண்டும் போனேன். இம்முறை கடைசி வரிசையில், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தம்ளர் வந்தது, கிண்ணம் வந்தது, மூவரும் சிரித்தார்கள். அரங்கில் முன்போல் பெரிய சிரிப்பில்லை. ஓரிருவர் லேசாகச் சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார்கள். அக்காள் சொம்பை எடுத்தார். ஓர் ஒலியும் இல்லை. குளிரூட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அவர் சொம்பை விளக்குக்கு நேராகப் பிடித்தார். நான் மனத்துக்குள் எண்ணினேன். ஒன்பது வரை எண்ணியிருந்தேன். தம்பியாக நடித்தவர் தலை நிமிரும்வரை அவர் படிக்கவில்லை.

முதல் நாள் அந்தத் தம்பியை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்தான் கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தார், கையில் எதிர்வீட்டுக் கிண்ணத்தோடு.