கம்பெனிக் காலத்தில் இந்தியா வந்த ஓவியர் தாமஸ் ஹிக்கி வரைந்த படங்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லிஃபிக்கரை:
டப்ளின் தேசிய ஓவியக்கூடம், 1787இல் வரைந்த அந்தப் பெண் படம். மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். திரும்பினால் நம்மூர்ச் சாயலில் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கால் நகரவில்லை. கல்கத்தாவில் வக்கீலாக இருந்த வில்லியம் ஹிக்கியோடு வாழ்ந்த ஜம்தானியாக 'இருக்கலாம்' என்கிறார்கள். அந்த 'இருக்கலாம்'தான் இன்னும் உறுத்துகிறது. நகைகளை அவ்வளவு பொறுமையாக வரைந்த ஆங்கிலேயர், பெயரை ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கக் கூடாதா?

சுவடிக்கட்டு:
சென்னையில், நில அளவையர் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளோடு மாதக்கணக்கில் கிடந்தவன் நான். அப்புறம் லண்டனில் அந்த 1816 படத்தைப் பார்த்தேன். மெக்கன்சி சிவப்புக் கோட்டில் நிற்கிறார். சுற்றி நம் ஆட்கள் மூன்று பேர். ஒருவர் கையில் தொலைநோக்கி, இன்னொருவர் கையில் ஓலைச்சுவடி. அந்தச் சுவடியை விட்டு என் கண் அகலவே இல்லை. ஊர் ஊராக அலைந்து கைபீது என்னும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளைத் திரட்டியவர்களுக்கு ஒரு முகம் இருந்தது என்பது அன்றுதான் உறைத்தது.

வண்ணக்குழைவு:
லிஃபிக்கரை, அவரை ஆங்கிலேயர் என்று எழுதாதீர்கள். 1741இல் டப்ளினில் பிறந்தவர், கேப்பல் தெரு மிட்டாய்க் கடைக்காரர் மகன், அங்கே ஓவியம் கற்றுக்கொடுத்த ராபர்ட் வெஸ்ட்டின் மாணவர். வில்லியம் ஹிக்கி வேறு ஆள், உறவும் இல்லை. 1780இல் இந்தியாவுக்குக் கிளம்பிய கப்பல் எதிரிகளிடம் சிக்கி, லிஸ்பனில் காலம் தள்ளி, 1784இல்தான் கல்கத்தா வந்து சேர்ந்தார். சென்னையில் கவர்னராக இருந்த மெக்கார்ட்னியும் ஐரிஷ்காரர்தான். 1792இல் சீனாவுக்குத் தூது போனபோது இவரைத்தான் ஓவியராகக் கூட்டிப்போனார். அங்கே இவர் வரைந்தது சொற்பம், கூட வந்த இளைய ஓவியர் வில்லியம் அலெக்சாண்டர்தான் வரைந்து குவித்தார். ஆனால் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளை வரைந்தது இவர்தான். 1824இல் சென்னையிலேயே இறந்தார்.

நான் பார்த்தது 1805 மைசூர்ப் பெண்கள் மூவர் படம், அதுவும் அச்சில்தான். ஒருத்தி சேலையை ஒதுக்கிக் கையைக் காட்டுகிறாள். அம்மை குத்திய இடத்தைக் காட்டுகிறாள் என்று ஒரு வரலாற்றாய்வாளர் சொல்கிறார். அதனால் சொல்கிறேன், இனி யார் போனாலும் முதலில் முகத்தைப் பார்க்காதீர்கள். கைகளைப் பாருங்கள். எதைப் பிடித்திருக்கிறது, எதைத் தொடுகிறது, எதை மறைக்கிறது என்று பாருங்கள். கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுங்கள். பக்கத்தில் எழுதியிருப்பதைக் கடைசியில் படியுங்கள்.

லிஃபிக்கரை:
சரி, ஐரிஷ்காரர்தான், என் தவறு. ஆனால் அவர் அப்பா கடை வைத்திருந்த தெரு வரை நமக்குத் தெரிகிறது, அவள் பெயர் தெரியவில்லையே. கேப்பல் தெரு வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். சனிக்கிழமை மறுபடி போய் அவள் கைகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.