நம்ம வீட்டுக் குழு: பலகை வந்ததா?

சனி, இரவு 8.12

மண்டபம் மாமா: மச்சான், படகுக்கு அடிப்பலகை வந்துவிட்டதா? திங்கள் காலை படகுத் தச்சு வேலைக்கு ஓடாவி வருகிறார்.

பெரியப்பா: சொல்லியாச்சு

மண்டபம் மாமா: யாரிடம்

பெரியப்பா: தம்பியிடம்

சித்தப்பா: என்னிடமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே அண்ணே

மண்டபம் அத்தை: போன வருடமும் இதே கதைதான். மீன்பிடித் தடை முடிந்து எல்லாப் படகும் கிளம்பிவிட்டது, நம்முடையது மட்டும் நான்கு நாள் கரையில் கிடந்தது.

சித்தப்பா: அது எஞ்சினால் வந்தது

மண்டபம் அத்தை: எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் போனவர் யார்

அம்மா: பழைய கதை வேண்டாம்

நான்: எல்லோரும் ஒரு நிமிடம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், படித்துவிடுங்கள். எட்டு மாதமாக நானும் இரண்டு நண்பர்களும் ஒரு வெப் ஆப் செய்கிறோம். பல பேர் சேர்ந்து செய்யும் வேலையில் எது யார் பொறுப்பு, எப்போதைக்குள், எந்த நிலையில் நிற்கிறது என்று எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சென்னையில் தெரிந்தவர்களிடம் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றார்கள், அதை வைத்து எங்களால் ஒன்றையும் திருத்த முடியவில்லை. நிஜ வேலையில் போட்டுப் பார்த்தால்தான் குறை தெரியும். நம் படகு வேலை அதற்குச் சரியாக இருக்கும். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. பலகை மாற்றினால்தான் இடுக்கை அடைக்கும் கலப்பத்து, அதற்கு அப்புறம்தான் பெயிண்ட், பதிவு எண் எழுதினால்தான் மீன்வளத்துறை ஆய்வு. எல்லா வேலையையும் நானே ஏற்றிவிட்டேன். நீங்கள் உள்ளே போய்ப் பார்த்து, எங்கே தடுமாறினீர்கள் என்று சொன்னால் போதும். இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000ல் எழுதினார், ஐந்து பேர் பயன்படுத்துவதைக் கவனித்தாலே குறைகளில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று. நம் வீட்டில் ஐந்து பேருக்கா பஞ்சம்.

கத்தார் அண்ணன்: லிங்க்

நான்: போட்டுவிட்டேன் அண்ணா, மேலே

சித்தி: தம்பி, தடைக்கால நிவாரணம் 8,000 யாருக்காவது ஏறிவிட்டதா? இதில் தெரியுமா?

நான்: இல்லை சித்தி, இது வேறு

அம்மா: சாப்பிட்டாயா

ஞாயிறு, காலை 7.30

நான்: எல்லோரும் பலகையைப் பார்த்தீர்களா?

பெரியப்பா: பலகை இன்னும் வரவில்லை தம்பி

நான்: அந்தப் பலகை இல்லை பெரியப்பா, ஆப்பில் உள்ள பலகை

பெரியப்பா: அதில் வந்துவிட்டதா?

மண்டபம் மாமா: வந்துவிட்டது என்று நினைத்து ஓடாவியிடம் சொல்லிவிட்டேனே

நான்: ஐயோ மாமா. வேலைகளை வரிசையாகக் காட்டும் பக்கத்துக்குப் ‘பலகை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் அட்டை வைத்து வேலையை நகர்த்தும் கன்பன் முறையிலிருந்து வந்தது, அந்தச் சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்று பொருள். நாங்கள் அப்படியே தமிழாக்கிவிட்டோம். இன்றே மாற்றுகிறேன். என்ன பெயர் வைக்கலாம்?

சித்தப்பா: வேலைக் கணக்கு

அப்பா: கணக்கு என்றால் பணம் என்று நினைப்பார்கள்

மண்டபம் அத்தை: பணக் கணக்கையும் போடு மருமகனே. போன வருடம் பெயிண்டுக்கு உன் மாமா கொடுத்தது இன்னும் வரவில்லை.

மண்டபம் மாமா: அதை இப்போது எதற்கு

பெரியப்பா: தருகிறேன் என்று சொன்னேனே மாப்பிள்ளை

சித்தி: இன்று மீன் வாங்கப் போவது யார்? பாம்பனில் நாட்டுப்படகு நகரை மீன் வந்திருக்கிறதாம், எனக்கும் ஒரு கிலோ

அம்மா: எனக்கு அரைக் கிலோ

கத்தார் அண்ணன்: போட்டோவாவது போடுங்கள்

ஞாயிறு, மாலை 5.48

நான்: பெரியப்பா, மரம், ஓடாவி, பெயிண்ட், ஆய்வு எல்லாவற்றையும் ‘முடிந்தது’ பக்கம் நகர்த்தியிருக்கிறீர்களே

பெரியப்பா: ஆமாம், எல்லாம் சொல்லியாச்சு

நான்: சொன்னால் முடிந்ததா பெரியப்பா?

பெரியப்பா: என் வேலை சொல்வதுதானே

அப்பா: பலகை வராமல் கலப்பத்து தொடங்கவே இல்லை. நான் மாலை வரை படகைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மண்டபம் மாமா: இதுதான் மச்சான் ஒவ்வொரு வருடமும் நடப்பது

நான்: எட்டு மாதத்தில் எங்களுக்குத் தோன்றாத விஷயம் இது. ஒரே சொல்லுக்கு நம் வீட்டிலேயே மூன்று அர்த்தம் இருக்கிறது. பெரியப்பாவுக்குச் சொன்னால் முடிந்தது, மாமாவுக்குப் பணம் கொடுத்தால் முடிந்தது, அப்பாவுக்குக் கண்ணால் பார்த்தால்தான் முடிந்தது. ‘சொல்லியாச்சு’, ‘கொடுத்தாச்சு’, ‘பார்த்தாச்சு’ என்று மூன்றாகப் பிரித்துவிடப் போகிறேன். பார்த்தாச்சு என்றால் போட்டோ வேண்டும். இன்னும் சொல்லுங்கள், எதையும் மறைக்க வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

சித்தப்பா: எழுத்து சின்னது. கையில் பெயிண்டோடு தொட்டால் வேறு எங்கோ போகிறது. மரம் வாங்குவதற்கு என் பெயரும் அண்ணன் பெயரும் சேர்ந்து இருக்கிறது, அவர் பார்ப்பார் என்று நான் விட்டுவிட்டேன்.

நான்: சரி சித்தப்பா. இனி ஒரு வேலைக்கு ஒரே பெயர்.

மண்டபம் மாமா: படகைக் கடலில் இறக்கும் நாளுக்குத் தேதி போட்டிருக்கிறாய். பௌர்ணமிக்கு நீர் ஏறும்போதுதான் இறக்க முடியும், தேதியை மட்டும் பார்த்துப் போய் நின்றால் படகு நகராது.

நான்: குறித்துக்கொண்டேன் மாமா, நாள்காட்டியில் பௌர்ணமியும் அமாவாசையும் வர வேண்டும்

சித்தி: தம்பி, நான் முழுக்கப் பார்த்தேன். தினம் ஏழு ஆளுக்கு மத்தியானச் சோறும் இரண்டு வேளைத் தேநீரும் போகிறது, அது யார் பெயரிலும் இல்லையே

மண்டபம் அத்தை: சரியாகக் கேட்டாய்

நான்: சித்தி, நியாயம். எனக்கு அது தோன்றவே இல்லை. ஆட்களைப் பற்றிக் கேட்டேன், அவர்கள் சாப்பாட்டைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. இப்போதே சேர்க்கிறேன், யார் பெயரைப் போடட்டும்?

சித்தி: என் பெயர் மட்டும் என்றால் வேண்டாம். சனி, ஞாயிறு வேறு யாராவது

அம்மா: ஞாயிறு நான்

சித்தி: சனி?

தங்கச்சி: அப்பத்தா பேசினதை எழுதுகிறேன். படகை இறக்குவதற்கு முன்னால் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலுக்கு யார் போகிறார்கள், அதையும் அந்தப் போனில் போடச் சொல் என்கிறார்.

பெரியப்பா: நான் போகிறேன்

மண்டபம் அத்தை: பார்த்தாச்சு போட்டோ போட வேண்டும் அண்ணே

பெரியப்பா: போடுகிறேன் போடுகிறேன்

ஞாயிறு, இரவு 9.20

நான்: பெயர் மாற்றிவிட்டேன், இப்போது ‘வேலை நிலவரம்’ என்று இருக்கும். எழுத்தும் பெரிதாக்கியாச்சு. பணக் கணக்குக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும் அத்தை.

மண்டபம் அத்தை: சரி மருமகனே, மறந்துவிடாதே

அப்பா: எல்லாம் சரி, காலையில் ஓடாவி வந்துவிடுவார், மரம்?

பெரியப்பா: ராமநாதபுரத்தில் எடுத்து வைத்திருக்கிறார்கள், வண்டி வேண்டும்

சித்தப்பா: வண்டி என்னிடம் இருக்கிறது, முன்பணம் கட்டியாச்சா?

மண்டபம் மாமா: மச்சான்?

நான்: வண்டி சித்தப்பா பெயரில் போட்டுவிட்டேன். முன்பணம் யார் பெயரில்?

கத்தார் அண்ணன்: எவ்வளவு என்று சொல்லுங்கள், அனுப்புகிறேன்

பெரியப்பா: நாளை பேசிக்கொள்ளலாம்

அப்பா: நாளைக் காலை ஆறு மணிக்கு ஓடாவி வருகிறார் அண்ணே